இராமநாதபுரம் மாவட்டம்: கடல் பக்கமும் கண்மாய் பக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராம்நாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: இராமேஸ்வரம், இல்லாவிட்டால் வறட்சி. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் மாவட்டத்தில் பாதிகூட வராது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், மாற்றல் ஆர்டரோடு வருகிறவர்கள், தாத்தா காலத்து நிலத்தைத் தேடி வருகிறவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

மாவட்டம் சரியாக எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் தென்கிழக்கு மூலையில். வடக்கே சிவகங்கையும் புதுக்கோட்டையும், மேற்கே விருதுநகரும் தூத்துக்குடியும், கிழக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பரப்பு சுமார் 4,100 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 13,53,445. மலை கிடையாது. மேற்கிலிருந்து கடலை நோக்கி மெல்லச் சரியும் தரைதான் மாவட்டம் முழுக்க. தண்ணீர் இங்கே எப்படி ஓடுகிறது, ஏன் நிற்பதில்லை என்பதற்கெல்லாம் இந்தச் சரிவுதான் அடிப்படை.

கடற்கரை மாவட்டம் என்றால் எல்லா ஊரும் கடலோரம்தானே?

இல்லை. கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர் நீளம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி ஆகிய மூன்று தாலுகாக்கள் கடலைத் தொடுவதே இல்லை. கமுதிப் பக்கம் கரிசல் மண். பருத்தி, மிளகாய், சோளம், ஆடு மேய்ப்பு என்று அந்த வாழ்க்கை விருதுநகர்க் கரிசலோடுதான் ஒட்டும். மண்டபத்துக்காரர் காற்று திரும்புவதைப் பார்த்து நாளைத் தொடங்குகிறார். அபிராமத்துக்காரர் கண்மாயில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துத் தொடங்குகிறார். ஒரே ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறார்கள் என்பதைத் தவிர இருவருக்கும் பொதுவானது குறைவு. பிற கேள்விகளுக்கும் பதில், அந்த ஊர் கடல் பக்கமா கண்மாய் பக்கமா என்பதைப் பொறுத்தே மாறும்.

ஆறே கிடையாதா? வைகை இங்கேதானே முடிகிறது?

முடிகிறது. பிரச்சினையே அதுதான், கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். வைகை பார்த்திபனூர் மதகணையில் மாவட்டத்துக்குள் நுழைந்து, இடது வலது கால்வாய்களாகப் பிரிந்து, வழியெங்கும் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. அது நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை அருகே கடலுக்குப் போகும். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் பழைய ஆயக்கட்டுக்கான (பாசன நிலங்களுக்கான) நீர் இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பங்கிடப்படுகிறது. காகிதத்தில் நமக்குத்தான் பெரிய பங்கு. அணை திறந்த தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு மேல் காய்ந்த மணலைக் கடந்து வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தென்மேற்கில் குண்டாறு கமுதி வழியாக வந்து மூக்கையூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. வடக்கே கோட்டக்கரையாறு, பாம்பாறு, விருசுழியாறு உண்டு. எல்லாமே மழைக்காலத்தில் மட்டும் ஆறு. மற்ற மாதங்களில் மாடு கடக்கும் மணல்.

கண்மாய் என்றால் ஏரிதானே? ஏன் அதைப் பற்றியே பேசுகிறீர்கள்?

ஏரிதான், தனித்தனி ஏரியாக எண்ணினால் விளங்காது. மேற்கே ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு (மிகைநீர் வெளியேறும் இடம்) வழிந்தால், அந்த மறுகால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்தது. இப்படித் தொடராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. சரிவான தரையில் குறுக்கே மண்கரை போட்டு, ஓடிவிடப் பார்க்கிற மழைநீரைப் படிப்படியாக நிறுத்திவைக்கிற ஏற்பாடு. நடுவில் ஒரு ஊர்க்காரர் கலுங்கில் மணல்மூட்டை அடுக்கி உயர்த்தினால் கீழ் ஊர்க்காரருக்கு அந்த வருஷம் நெல் இல்லை. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்து ஆவணங்கள் முதல் இன்றைய காவல் நிலையப் புகார்கள் வரை கண்மாய்த் தண்ணீர்ச் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது.

இதில் பெயர்பெற்றது இராஜசிங்கமங்கலம் கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாதாம், அவ்வளவு நீளம், தண்ணீர் திறந்துவிட நாற்பத்தெட்டு மடை. ஆர்.எஸ். மங்கலம் வழியாகத் திருவாடானைக்குப் போகும்போது பார்த்தால் சொன்னவர் ரொம்ப மிகைப்படுத்தவில்லை என்று தோன்றும்.

நிர்வாகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, மனு எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குடிநீர்க் குளமான ஊரணி ஊராட்சியைச் சேர்ந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. ஒரே தண்ணீர் நான்கு அலுவலகங்களைத் தாண்டி வருகிறது. மேல்கண்மாய் ஒருவரிடம், கீழ்க்கண்மாய் இன்னொருவரிடம் என்றால் தூர்வாருவதும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். முன்பு குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த வேலை இது. 2017-ல் அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சில ஊர்களில் கரை உயர்ந்தது, மடை புதிதானது. வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்த ஊர்களில் தூர்வாரிய கண்மாய் காலியாகவே கிடந்தது. என்னைக் கேட்டால் முதலில் வரத்துக்கால், பிறகுதான் கண்மாய்.

மழை எவ்வளவு பெய்கிறது?

ஆண்டுச் சராசரி 820 மில்லிமீட்டர் சொச்சம். மாநிலச் சராசரி 900-க்கு மேல். வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு பெரிதில்லை. ஆனால் இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில், பல நேரம் சில புயல் நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் பிடித்துவைத்தால் உண்டு. அதனால்தான் "வறட்சி மாவட்டம்" என்ற பட்டம் எனக்குப் பிடிப்பதில்லை. வானத்தைவிடத் தரையில்தான் குறை அதிகம்.

குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

நிலத்தடி நீர் பெரும்பாலான இடங்களில் உவர். போர் போட்டால் தண்ணீர் வரும், வாயில் வைக்க முடியாது. அதனால் குளிக்க ஒரு தண்ணீர், குடிக்க ஒரு தண்ணீர் என்பது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம்.

குடிக்கிற தண்ணீர் முன்பு ஊரணியிலிருந்து வந்தது. ஊரணிக்குள் யாரும் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. கோடையில் ஊரணி வற்றியதும் அதற்குள்ளேயே ஊற்று தோண்டி, சுரந்து நிற்கிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிரம்ப அரைமணி நேரம்கூட ஆகும். அதற்கும் வரிசை. காவிரி வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. திருச்சி அருகே காவிரியில் எடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக இராமநாதபுரம் வரை வருகிற கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2000-களின் இறுதியில் செயல்பாட்டுக்கு வந்தது. இன்று கிராமத்துத் தெருவில் நான்கைந்து குடங்களை நிறுத்திவைத்த இரும்புத் தள்ளுவண்டியைப் பார்த்தால் காவிரித் தண்ணீர் வரும் நேரம் என்று புரிந்துகொள்ளலாம். குழாய் உடைந்தாலோ மோட்டார் பழுதானாலோ கடைக்கோடி ஊர்களுக்கு லாரித் தண்ணீர்தான், குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து.

ஒரு விசித்திரம்: இரண்டு பக்கமும் கடல் இருக்கிற தனுஷ்கோடியில் மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் தங்கிவிடுகிறது. அளவோடு எடுத்தால் கிடைக்கும், மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே வந்துவிடும்.

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பது இந்த மாவட்டத்தைத்தானா?

அரசு அலுவலகங்களில் இந்த மிரட்டல் நம்மை நினைத்துத்தான் சொல்லப்பட்டது. தண்டனையாக வந்தவர்கள் பலர் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள் என்பதை யாரும் சினிமாவில் சொல்வதில்லை.

பழைய இராமநாதபுரம் மாவட்டம் என்று பத்திரங்களில் இருக்கிறதே, அது வேறா?

மிகப் பெரியது. 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. சிவகாசியும் காரைக்குடியும் இராமேஸ்வரமும் ஒரே மாவட்டம். இதன் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் இயங்கியது மதுரையில். 1985-ல் மூன்றாகப் பிரித்தார்கள்: இராமநாதபுரம், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் (இன்றைய சிவகங்கை), காமராசர் மாவட்டம் (இன்றைய விருதுநகர்). பட்டாசும் அச்சும் சிவகாசியோடு போயின, செட்டிநாடு காரைக்குடியோடு போயிற்று. மிஞ்சிய கடலும் கண்மாயும்தான் இன்றைய மாவட்டம்.

ஆகவே "இராமநாதபுரம் ஜில்லா, சாத்தூர் தாலுகா" என்று பத்திரத்தில் இருந்தால் இங்கே அலைய வேண்டாம், விருதுநகருக்குப் போங்கள். அதற்கும் முந்தைய கதை சேதுபதிகளுடையது. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கியது. அதன் பின் சமஸ்தானம் ஜமீனாகச் சுருங்கியது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதுவும் முடிந்தது. அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் சுவரோவியங்களை இன்றும் பார்க்கலாம்.

நிர்வாக அமைப்பு எப்படி?

இரண்டு வருவாய்க் கோட்டங்கள்: இராமநாதபுரம், பரமக்குடி. ஒன்பது தாலுகாக்கள்: இராமநாதபுரம், இராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை, இராஜசிங்கமங்கலம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, கடலாடி. இவற்றில் கடைசி நான்கும் பரமக்குடிக் கோட்டம். கடலாடியைத் தவிர்த்துப் பார்த்தால் கடல் பக்கம், கண்மாய் பக்கம் என்ற பிரிவும் கோட்டப் பிரிவும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

ஊராட்சி ஒன்றியங்கள் 11, கிராம ஊராட்சிகள் 429. நகராட்சிகள் நான்கு: இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேஸ்வரம். பேரூராட்சிகள் ஏழு: மண்டபம், தொண்டி, ஆர்.எஸ். மங்கலம், முதுகுளத்தூர், கமுதி, அபிராமம், சாயல்குடி. மாநகராட்சி கிடையாது.

தாலுகாவும் ஒன்றியமும் ஒன்றல்ல, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். திருப்புல்லாணி, போகலூர், நயினார்கோவில், மண்டபம் ஆகியவை ஒன்றியங்கள். அந்தப் பெயரில் தாலுகா இல்லை. பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்றால் தாலுகா அலுவலகம். சாலை, தெருவிளக்கு, நூறு நாள் வேலை, தொகுப்பு வீடு என்றால் ஒன்றிய அலுவலகம். உங்கள் ஊர் இந்தத் தாலுகா, அந்த ஒன்றியம் என்று இரண்டும் வேறு வேறு ஊரில் இருப்பது சகஜம். கிளம்பும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் ஒரு நாள் பஸ் செலவு மிச்சம்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் தனித்தனியே கூட்டம் நடக்கும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

எத்தனை தொகுதிகள்?

சட்டமன்றத் தொகுதிகள் நான்கு: பரமக்குடி (தனி), திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர். நாடாளுமன்றத் தொகுதி இராமநாதபுரம். இந்த நான்கோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் அதில் சேரும். தேர்வில் கேட்பார்கள், மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவு காய்ந்த மண்ணில் என்ன விளைகிறது?

நெல். ஆம், நெல்தான் முதல் பயிர். திருவாடானைப் பகுதியை மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். தஞ்சாவூர் மாதிரி நாற்று விட்டு நடுவது இங்கே அரிது. ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு செய்து, ஈரமில்லாத மண்ணிலேயே நேரடியாக விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். மழை தாமதித்தால் விதை வீண், மறு விதைப்பு. கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டினால் பயிர் மூழ்கும். மார்கழியில் கதிர் வரும் நேரம் கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் பிழைக்கும். பயிர்க் காப்பீட்டுத் தொகை எப்போது வரும் என்பது விவசாயிகள் கூட்டத்தில் தவறாமல் எழுகிற கேள்வி என்றால் காரணம் இதுதான்.

அடுத்தது மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளமான சம்பா மிளகாய்க்கு எதிர்ப்பதம் இது: உருண்டை, தடித்த தோல், பளபளப்பு, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில் பழுக்கும். பறித்த பழத்தை முதலில் குவித்து மூடி வைப்பார்கள், நிறம் ஒரே சீராக ஏற. பிறகு களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பு. மாலையில் பனி படாமல் கூட்டி மூடி, காலையில் மறுபடி பரப்ப வேண்டும். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெளுத்த காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளுவார்கள். அந்தப் பொறுக்கலில்தான் விலை இருக்கிறது. பங்குனி மாதம் ஆர்.எஸ். மங்கலம், நயினார்கோவில் பக்கம் வண்டியில் போனால் சாலையோரம் முழுக்கச் சிவப்பு, தும்மல் இலவசம்.

எட்டிவயலில் மிளகாய்க்கென்று வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் விதைப்புக்கு முன்பணம் கொடுத்த கமிஷன் கடைக்கே மூட்டையைக் கொண்டுபோய் இறக்குகிற விவசாயிகள் இன்னும் நிறைய. கடன் இருக்கிற இடத்துக்குத்தான் மிளகாய் போகும்.

சீமைக் கருவேலம் நல்லதா கெட்டதா?

கண்மாய்க்குள் இருந்தால் கெட்டது. வரத்துக்கால், கண்மாய் உள்வாய், தரிசு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வேறு எதையும் வளரவிடாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டபோது ஜேசிபிகள் இறங்கின. வேரோடு எடுக்காத இடங்களில் இரண்டு மழையில் மறுபடி தழைத்துவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. மழை பொய்த்த வருஷம் முதுகுளத்தூர், கடலாடி, கமுதிப் பக்கத்தில் அடுப்பு எரிவது இந்த மரத்தால். வெட்டி, அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ வைத்து, புகை நிறம் மாறுவதைப் பார்த்துக் காத்திருந்து கரியாக்குவது கரிமூட்டம். லாரி லாரியாக வெளி மாநிலங்களுக்குப் போகிறது. விவசாயம் கைவிட்ட குடும்பத்தைக் காப்பாற்றுகிற மரமே விவசாயத்தைக் கைவிட வைத்த மரமாகவும் இருக்கிறது. வேறு வருமானத்துக்கு வழி காட்டாமல் "வெட்டி எறி" என்று சொல்வது சென்னையிலிருந்து சுலபம்.

மீன்பிடி எப்படி நடக்கிறது? ஏன் எப்போதும் செய்தியில் வருகிறது?

முதலில் இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு, பெரும்பாலும் அமைதி, பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், ஆழமும் அலையும் அதிகம். வாடைக்காற்றில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தெற்குக் கடல். மண்டபம் போன்ற ஊர்களில் காற்றுக்குத் தகுந்தபடி படகுகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக்கொள்வார்கள்.

அடுத்து இரண்டு வகைப் படகு. விசைப்படகு இழுவலை போட்டு அடிமட்டத்தை வாரும், இறால்தான் குறி. நாட்டுப்படகு, வல்லம், கரைவலை எல்லாம் சிறு தொழில். இருவரும் ஒரே நாளில் போனால் வலை அறுபடும், சண்டை வரும். அதனால் பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. விசைப்படகுகள் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கித்தான் கிளம்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது இராமேஸ்வரம் ஜெட்டியில் எஞ்சின் வேலையும் பெயிண்ட் வேலையும் மும்முரமாக நடக்கும், மீன் விலை ஏறும்.

செய்திக்கு வருவது எல்லைப் பிரச்சினையால். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடல் எல்லையை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. கடலில் கோடு தெரியாது என்பது பாதி நியாயம். மீதிப் பாதி, இந்தப் பக்கம் பல்லாண்டு இழுவலையால் வாரித் தீர்ந்திருக்கிறது, இறால் அந்தப் பக்கம் இருக்கிறது. போருக்குப் பின் தொழிலுக்குத் திரும்பிய வடஇலங்கைத் தமிழ் மீனவரின் வலையும் இந்த இழுவலையில் அறுபடுகிறது என்பதை நம் ஊர் மேடைகளில் அதிகம் பேச மாட்டார்கள். இலங்கை 2017-ல் இழுவலையைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இங்கே, பாக் விரிகுடா விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்ற அரசு 70 சதவீத மானியத்தோடு திட்டம் தொடங்கியது. ஒரு நாள் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர்களுக்கு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது தொழில் மாற்றமாகவே இருந்தது. எதிர்பார்த்த வேகத்தில் அது போகவில்லை.

பெண்கள் கடலுக்குள் போய் எடுப்பது என்ன?

பாசி. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி போன்ற இடங்களில் பெண்கள் கண்ணாடி மாட்டி, கையில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எடுப்பார்கள். அகர், அல்ஜின் தயாரிக்க அது போகிறது. மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பதும் 2000-களிலிருந்து நடக்கிறது. திருவாடானை அருகே வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைகிறது.

சிக்கல், பாசி இருக்கிற இடங்கள் தேசியப் பூங்காவுக்குள் வருவது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள். 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின, 1989-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. பவளப்பாறை, கடல்பசு, கடல் அட்டை எல்லாம் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த பெண்ணுக்கு ஒரு நாள் திடீரென்று அது குற்றமாகிவிட்டது. கடல் அட்டை 2001 முதல் முழுத் தடை. அதைப் பிடித்ததாக வழக்குச் செய்தி வராத மாதம் அரிது.

வேறு தொழில்கள்?

மாரியூர், வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள். சாயல்குடிப் பக்கம் பனங்கருப்பட்டி. பரமக்குடி, எமனேசுவரத்தில் கைத்தறிச் சேலை, பெரும்பாலும் சௌராஷ்டிர நெசவாளர்கள். கீழக்கரையில் சங்கு குளித்தல். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று. வெளி மாவட்டங்களுக்கும் இங்கிருந்துதான் கட்டுக்கட்டாகப் போகிறது.

தொழிற்சாலை இல்லையா?

வழுதூரில் இந்தப் பகுதி எரிவாயுவில் இயங்கும் மின் நிலையம் இருக்கிறது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று சொல்லப்பட்டது. வெயிலும் மலிவான நிலமும் இருப்பதால் வந்த தொழில். கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆட்கள், கட்டி முடித்த பின் கண்ணாடியைத் துடைப்பதும் இயந்திரமே. மின்சாரம் கம்பியில் ஏறிப் போகிறது, இளைஞர்கள் திருப்பூர், சென்னை பஸ் ஏறிப் போகிறார்கள்.

அப்படியானால் ஊர்களில் மாடி வீடுகள் எப்படி?

வெளிநாட்டுப் பணம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, பனைக்குளம் போன்ற கடலோர ஊர்களில் வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் போகாத குடும்பத்தைத் தேட வேண்டும். கீழக்கரை வணிகர்கள் கப்பல் ஓட்டிய காலத்திலிருந்தே வெளிநாடு அவர்களுக்குப் பக்கத்து ஊர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிறோமே, அந்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர்தான். உள்நாட்டுத் தாலுகாக்களிலிருந்தும் இப்போது கொத்தனாராக, டிரைவராகப் போகிறார்கள். மாவட்டக் கணக்கேட்டில் இதற்குத் தனி இடம் கிடையாது என்றாலும், நகைக்கடை, கல்யாண மண்டபம், தனியார் பள்ளி எல்லாம் இந்தப் பணத்தில்தான் நிற்கின்றன.

"முன்னேற விழையும் மாவட்டம்" என்றால்?

2018-ல் நிதி ஆயோக் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். சுகாதாரம், கல்வி, விவசாயம் போன்றவற்றை அளந்து தரவரிசை போடுவார்கள். 2011-ல் எழுத்தறிவு 80.72 சதவீதம், மாநிலச் சராசரியை ஒட்டியே இருந்தது. குறை அங்கே இல்லை, படித்த பின் இங்கே வேலை இல்லாததில்தான். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவரை கொஞ்சம் பெரிய நோய் என்றாலே மதுரைதான்.

போக்குவரத்து?

மதுரை–பரமக்குடி–இராமநாதபுரம்–இராமேஸ்வரம் நெடுஞ்சாலைதான் முதுகெலும்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்டி, தேவிபட்டினம் வழியாக வந்து கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிறது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் சீர்செய்து ஓட்டினார்கள். சாலைப் பாலம் 1988-ல் வந்தது. நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிக்கு ரயில் கிடையாது.

பறவைகள் பார்க்க எப்போது வரலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் மழை பெய்த வருஷம் மட்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022-லும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நான்குமே பாசனக் கண்மாய்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இல்லை.

மாற்றலாகி வருகிறேன். எங்கே வீடு பார்ப்பது?

கடலோர அலுவலகம் என்றால் இராமநாதபுரம், உள்நாட்டு அலுவலகம் என்றால் பரமக்குடி. இராமேஸ்வரத்தில் யாத்திரைக் கூட்டத்தால் வாடகை கூடுதல், அமாவாசை நாட்களில் தெருவுக்குள் வண்டி நுழையாது. வீடு பார்க்கும்போது அறை எத்தனை என்பதற்கு முன், காவிரித் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தரைத்தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். உப்பு அதிகம் என்றால் பாத்திரமும் குழாயும் சீக்கிரம் அரிக்கும்; அதைச் சொல்லி வாடகையைக் குறைக்கலாம், வீட்டுக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.